வரப்பில் ஒரு பலா

ஆனி பிறந்து, மேற்கே மலையின் தலையில் மஞ்சு இறங்கி, தென்காசித் தெருக்களில் வெயிலும் தூறலும் மாறி மாறி வரத் தொடங்கிவிட்டால் என் வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிடுவார்கள். வருஷம் முழுவதும் என்னை மறந்திருந்தவர்களுக்குக்கூட அந்த இரண்டு மாதங்களில் என்மேல் அன்பு சுரந்துவிடும். குற்றாலத்துக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் வீடு வைத்திருப்பவனுக்கு நண்பர்கள் குறைவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அவர்கள் வராவிட்டால் நானும் அருவிப் பக்கம் போக மாட்டேன். பக்கத்தில் இருக்கும் அருவியில் யார் குளிக்கிறார்கள்?

சில வருஷங்களுக்கு முன் அப்படி வந்த சென்னை நண்பர் ஒருவர் ஐந்தருவியில் குளித்துவிட்டு, சாலையோரத்தில் மங்குஸ்தான் பழம் வாங்கி உரித்துக்கொண்டே, இலஞ்சி வழியாக என்னோடு திரும்பிக் கொண்டிருந்தார். மலையை ஒரு முறை பார்த்தார். வயல்களை ஒரு முறை பார்த்தார். பிறகு கேட்டார்: "மேலே இவ்வளவு மரம். கீழே இறங்கியதும் தென்னையைக் கழித்துவிட்டால் வரப்பெல்லாம் மொட்டையாக இருக்கிறதே! உங்கள் ஊர் விவசாயிகளுக்கு ஒரு மரம் வைக்கவேண்டும் என்று தோன்றாதா?"

"சொன்னால் கேட்கமாட்டார்கள், பழக்கம் அப்படி" என்றேன் நான்.

கதை எழுதிப் பிழைப்பவனுக்குப் பதில் சொல்ல வராமல் போவதில்லை. ஆனால் அப்படிச் சட்டென்று வந்த பதில்களில் பல, யோசிக்காமல் வந்தவை. அன்று சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரையை எழுதவேண்டி வந்தது.

எனக்கும் கொஞ்சம் நிலம் உண்டு. தென்காசிக்கும் இலஞ்சிக்கும் நடுவே, குளத்துப் பாசனத்தில், ஒரு ஏக்கர் எழுபது சென்ட். தாத்தா வழியாக வந்தது. எனக்கும் என் தம்பிக்கும் பொது. நான் அதில் ஒரு நாளும் இறங்கி உழுததில்லை. தாத்தா காலத்திலிருந்து ஒரே குடும்பம்தான் பாட்டத்துக்குப் பயிர் செய்து வருகிறது. முதலில் தகப்பனார், இப்போது மகன். மகன் என்றா சொன்னேன்? அவருக்கு அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஆகிறது. என்னைக் கால்சட்டை போட்ட நாளிலிருந்து தெரியும் என்பதால் "தம்பி" என்பார். நான் "அண்ணாச்சி" என்பேன். நல்ல சம்சாரி. எங்கள் பக்கத்தில் உழுகிறவரைச் சம்சாரி என்றுதான் சொல்வது வழக்கம். காரில் ஒரு பூவும் பிசானத்தில் ஒரு பூவும் தவறாமல் எடுத்து, கேட்கும் முன்பே பாட்டத்தை அளந்துவிடுவார்.

நண்பர் ரயில் ஏறிப் போன பிறகும் அவருடைய கேள்வி என்னை விடவில்லை. 2021-22-ல் வேளாண்மைத் துறை பசுமைப் போர்வைத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கியிருந்தது. வரப்பில் வைப்பதானால் ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க வைப்பதானால் 160 கன்று இலவசம். மறு வருஷத்திலிருந்து, உயிரோடு நிற்கும் கன்று ஒன்றுக்கு ஏழு ரூபாய் பராமரிப்புத் தொகை. ஐப்பசி மழை விழுந்ததும் தேக்கு, வேங்கை, மகாகனி என்று ஐம்பது கன்றுகளை ஒரு சிறிய வண்டியில் ஏற்றிக்கொண்டு வயலுக்குப் போனேன். அன்று எனக்கு இருந்த பெருமிதத்தை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. போட்டோ கூட எடுத்துக்கொண்டேன்.

அண்ணாச்சி மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. மோட்டார் அறை ஓரத்து வேப்பமர நிழலில் கன்றுகளை வரிசையாக இறக்கி வைத்தார். "ஆகட்டும் தம்பி, பாத்துக்கிடுதேன்" என்றார்.

அடுத்த ஆனியில் போய்ப் பார்த்தேன். வரப்பில் ஒரு கன்றும் இல்லை. ஏழெட்டுக் காய்ந்த குச்சிகள் மட்டும் நின்றன. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு அவர் வீட்டுக்கே போனேன். வீட்டுக்குப் பின்னால் அவருக்குச் சொந்தமாகப் பன்னிரண்டு சென்ட் இடம் உண்டு. அங்கே என் தலைக்கு மேல் வளர்ந்து, உள்ளங்கை இரண்டை விரித்தது போல் இலை விட்டுக்கொண்டு, இருபது தேக்கு நின்றது. ஒவ்வொன்றையும் சுற்றி முள் கட்டியிருந்தது. தூரில் ஈரம் காயாமல் சருகு போட்டு மூடியிருந்தது. இரண்டு தேக்குக்கு நடுவே கருணையும் சேம்பும் வைத்திருந்தார். மரப்பயிரோடு உணவுப் பயிரைக் கலந்து வைப்பதைப் பற்றிக் கல்லூரிகளில் புத்தகம் எழுதுகிறார்களே, அந்தப் புத்தகத்தில் படமாகப் போட்டிருக்கலாம்.

அப்படியானால் அவருக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்பதற்கில்லை. விருப்பம் இல்லை என்பதற்கும் இல்லை. திருட்டு என்று சொல்லலாமா என்றுகூட ஒரு நொடி யோசித்தேன். முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும்.

"கோவப்படாம கேக்கணும் தம்பி" என்றார் அவர். "பட்டுப் போச்சுன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. பாதிக் கன்ன நான்தான் இங்க கொண்டாந்து வச்சேன். மிச்சத்த அக்கம்பக்கத்துல கேட்டவுகளுக்குக் குடுத்தேன்."

"வரப்பில் வைத்தால் என்ன அண்ணாச்சி?"

"வைக்கலாம். மொத ரெண்டு வருசம் ஆடு கடிக்காம முள்ளு கட்டணும், கோடையில குடத்துல தண்ணி சொமக்கணும். அது ஒண்ணும் பெரிசில்ல. மரம் நிமிந்த பொறவு அது யாரு மரம்?"

"நம்ம மரம்தான்" என்றேன்.

அவர் சிரித்தார். "நம்ம மரம்னு சொல்லுதிய. நல்ல வார்த்த. ஆனா சீட்டுல அப்பிடி இல்லியே."

பிறகு, ஏதோ பக்கத்து ஊர்ச் செய்தியைச் சொல்லுவது போல அவர் சொன்னார்: "எங்க அய்யா வடக்கு வரப்புல ஒரு பலாக்கன்னு வச்சிருந்தாரு. குத்தாலத்துல தின்ன பழத்துக் கொட்ட. எனக்கு அப்பம் பத்துப் பன்னெண்டு வயசு இருக்கும். ரெண்டு ஆள் ஒசரம் வந்துட்டு. மொதப் பிஞ்சு விட்ட வருசம் ஒங்க தாத்தா ஆள விட்டு வெட்டிப் போட்டாவ. அய்யா ஒண்ணும் சொல்லல. வெறகுல பாதிய எங்களுக்குத்தான் குடுத்தாவ. அதுக்குப் பொறவு எங்க வீட்டுல யாரும் ஒங்க வரப்புல எதையும் நட்டதில்ல தம்பி."

அன்று இரவு பரணிலிருந்து தாத்தாவின் டிரங்குப் பெட்டியை இறக்கினேன். இருபது வருஷமாக யாரும் திறக்காத பெட்டி. வரி ரசீதுகள், ஒரு ஜாதகக் கட்டு, திருவாதிரைக் கட்டளைக் கணக்கு, இவற்றுக்கு அடியில் பாட்டச் சீட்டு இருந்தது. 1970-ஆம் வருஷத்தியது. கோட்டைக் கணக்கில் நெல், வைக்கோலில் பங்கு, தவணை, எல்லாம் வழக்கம்போல் எழுதி, கடைசிக்கு முந்திய வரியில் இப்படி இருந்தது: மேற்படி நிலத்திலாவது வரப்பிலாவது பலன் தருவதும் தராததுமான யாதொரு மரமும் நான் வைப்பதில்லை என்றும், வைத்தால் அதற்கு ஈடு கோருவதில்லை என்றும் சம்மதிக்கிறேன். கீழே அண்ணாச்சியின் தகப்பனார் ரேகை. மை சற்று அதிகமாகத் தொட்டுவிட்டார் போலும், விரலைச் சுற்றி ஒரு நிழல் பரவியிருந்தது.

'சொன்னால் கேட்கமாட்டார்கள்' என்று நான் சென்னை நண்பரிடம் சொன்னேனே, இவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள். ஐம்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள். வைக்காதே என்று சொன்னது எங்கள் வீடு.

தாத்தாவைக் கொடியவர் என்று எழுதிவிட்டால் எனக்குச் சுலபம். அவர் அப்படி இல்லை. பசித்து வந்தவருக்கு இலை போடாமல் தாம் சாப்பிட்டதில்லை. கோயிலுக்கு இரண்டு மாமரத்தின் பலனை எழுதி வைத்தவர். பயந்திருந்தார், அவ்வளவுதான். 1955-ல் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்திருந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றும் சட்டமும் வந்துவிட்டது. அதைவிட, கணவாய்க்கு அப்பாலிருந்து வந்த செய்தி அவரை உலுக்கியிருக்க வேண்டும். 1970 ஜனவரி முதல் தேதியன்று கேரளத்தில் திருத்தப்பட்ட நிலச் சீர்திருத்தச் சட்டம் அமலுக்கு வந்தது. குத்தகைக்கு உழுதவன் நிலத்துக்கு உரிமை பெற வழி பிறந்தது. பிறர் மண்ணில் குடிசை போட்டிருந்தவன் கிராமத்தில் பத்து சென்ட் வரை தன் பெயருக்கு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. செங்கோட்டையே 1956 வரை அந்த ராஜ்யத்தில்தானே இருந்தது! எங்கள் வயலிலிருந்து செங்கோட்டைக்கு எட்டு மைல் கூடக் கிடையாது. நெல் நாலு மாதத்தில் அறுத்துப் போய்விடும். வந்த சுவடு தெரியாது. மரம் அப்படியில்லை. இந்த இடத்தில் இன்னார் இருபது வருஷமாக இருந்தார் என்று நின்று சாட்சி சொல்லும். அந்தச் சாட்சியைத்தான் தாத்தா வெட்டினார்.

உலகத்தில் பல இடங்களில் இதே கதைதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். மேற்கு ஆப்பிரிக்காவில் பல ஊர்களில், இரவலாக வந்த நிலத்தில் என்ன வேண்டுமானாலும் விதைத்துக்கொள்ளலாம்; மரம் மட்டும் வைக்கக் கூடாது. மரம் வைப்பது நிலத்தைக் கேட்பதற்குச் சமம்.

சம்சாரி புதியதை ஏற்றுக்கொள்வது எப்படி என்பதைப் பற்றி ஒரு பெரிய சாஸ்திரமே இருக்கிறது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். நண்பர் ஒருவர் கொடுத்த புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்த ஞானம்தான் இது. அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஒட்டு மக்காச்சோள விதை பரவிய விதத்தை ரையன், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943-ல் வெளியிட்டார்கள். இரண்டு ஊர்களில் 259 சம்சாரிகளைக் கண்டு பேசினார்கள். 1928-லிருந்து 1941-க்குள் இருவரைத் தவிர எல்லோரும் புது விதைக்கு மாறிவிட்டார்கள். ஆனால் யாரும் கேட்டவுடன் மாறவில்லை. முதலில் விதை விற்பவன் வாயிலாகக் கேள்விப்படுகிறான். பக்கத்துக் காட்டுக்காரன் விளைச்சலைக் கண்ணால் பார்க்கிறான். தானும் ஒரு மூலையில் கொஞ்சம் போட்டுப் பார்க்கிறான். பிறகுதான் காடு முழுக்க. நம் ஊர்ச் சம்சாரியும் இதே வழியில்தான் போகிறார். முதலில் கிணற்றடியில் ஒரு முருங்கை, பிறகு வரப்பில் நாலு தேக்கு, பிறகு தண்ணீர் ஏறாத மேட்டுத் துண்டில் ஒரு வரிசை. இவ்வளவையும் பார்த்துக்கொண்டு பக்கத்து வயல்காரர் ஒன்றும் பேசாமல் இருப்பார். அவர் பேசாததைப் பார்த்து, கேட்கவில்லை என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம்.

ஆனால் மக்காச்சோளத்துக்கும் மரத்துக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. சோளம் தன் நியாயத்தை ஒரே பருவத்தில் சொல்லிவிடும். தேக்கு இருபது இருபத்தைந்து வருஷம் கழித்துத்தான் வாய் திறக்கும். ஒரு மனிதர் தம் ஆயுளில் நாற்பது பிசானம் அறுக்கலாம். ஒரு வருஷம் செய்த தவறை மறு வருஷம் திருத்திக்கொள்ளலாம். தேக்கை இரண்டு முறைக்கு மேல் அறுக்க ஆயுள் இல்லை. முதல் முறை தவறிவிட்டால், கற்றுக்கொண்டதைப் பயன்படுத்தப் பேரன்தான் வேண்டும். ஆகவே மரம் வைக்கும் விஷயத்தில் அயோவாக்காரர்களைவிட நம்மவர் மெதுவாக இருந்தால் அதை மந்தபுத்தி என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

மேலும், கேட்டு நட்டவர்கள் பட்டதும் ஊருக்கு ஞாபகம் இருக்கிறது. 1980-களில் சூபாபுல் என்று ஒரு அதிசய மரம் வந்தது. தீவனம், விறகு, உரம் எல்லாம் அது ஒன்றே என்றார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஒரு சிறு பூச்சி வந்து இலைகளை உறிஞ்சித் தள்ளிவிட்டது. விறகுக்கென்று வரவேற்கப்பட்ட சீமைக் கருவேலத்தைப் பிற்காலத்தில் வேரோடு பிடுங்கச் சொல்லி உயர்நீதிமன்றம் வரை உத்தரவு போட வேண்டியதாயிற்று. 1990-களில் தேக்குத் தோட்டக் கம்பெனிகள் நாடெங்கும் முளைத்தன. இன்று ஆயிரம் கட்டினால் இருபது வருஷத்தில் லட்சமாக நிற்கும் என்று விளம்பரம் செய்தன. கட்டுப்படுத்த 1999-ல் தனி விதிகள் வந்தபோது பல கம்பெனிகளில் தேக்கும் இல்லை, கம்பெனியும் இல்லை. சட்டமும் ஒரே பேச்சில் நின்றதில்லை. ஒருவர் பட்டா நிலத்தில் தானாக முளைத்த ஈட்டி மரத்தைக்கூட அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று 1994-ஆம் வருஷத்துச் சட்டம் தடுத்தது. சந்தன மரம் அதை வளர்த்தவருக்கே சொந்தம் என்று தமிழ்நாட்டில் ஏற்றுக்கொள்வதற்கு 2002 ஆயிற்று. சந்தனக் கன்று தம் வரப்பில் முளைத்தால் யாருக்கும் தெரியாமல் பிடுங்கிப் போட்டுவிட்டதாக ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார். "போலீசுக்கு யாரு பதில் சொல்லுதது?" என்றார். மரத்தைக் காப்பாற்ற வந்த சட்டம் மரத்தைப் பிடுங்க வைத்தது.

சரி, எங்கள் பக்கத்தில் மரம் வைத்தவர்களே இல்லையா என்றால், இருக்கிறார்கள். ஒரு வருஷமாக இந்தப் பார்வையோடு சைக்கிளில் சுற்றி வந்ததில் சிலவற்றைக் கண்டுகொண்டேன்.

பனை இருக்கிறது. வரப்புக்குப் பனையைவிடப் பொருத்தமான மரம் கிடையாது. அதன் நிழல் குறுகலானது. ஒரு பயிரின் மேலேயே நிற்காமல் வெயிலோடு நகர்ந்துவிடும். கிளை இல்லை, பக்கத்து வயல்காரருடன் சண்டை இல்லை. தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். பதினைந்து இருபது வருஷம் காத்திருக்க வேண்டிய மரத்தை நட்டவர்கள் யார்? பேரனும் அதே வரப்பில்தான் நடப்பான் என்று சந்தேகமில்லாமல் நம்பியவர்கள்.

கொடிக்கால் இருக்கிறது. வெற்றிலைக் கொடி படர அகத்தியை நெருக்கமாக விதைத்து நிறுத்துவார்கள். கொடிக்கால் போடுகிறவர்களில் பலர் இரண்டு மூன்று வருஷக் குத்தகைக்குத்தான் நிலம் பிடிக்கிறார்கள். அகத்தியும் அவ்வளவு காலத்துக்குத்தான். குத்தகையின் ஆயுளும் மரத்தின் ஆயுளும் ஒன்றாக இருந்தால் குத்தகைக்காரர் மரம் வைக்கத் தயங்குவதே இல்லை. இதைப் பார்த்தபோது எனக்கு வந்த வெளிச்சம் எந்தப் புத்தகத்திலும் வரவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன், அது கொஞ்சம் வருத்தமானது. மேலகரத்துப் பக்கம் மூன்று ஏக்கரில் மகாகனியும் தேக்கும் அழகாக வரிசை கட்டி நிற்கின்றன. என் சென்னை நண்பர் பார்த்தால் கைதட்டுவார். வைத்தவரைப் பார்த்துப் பாராட்டினேன். அவர், "மூத்தவன் துபாயில, இளையவன் சென்னையில. நடவுக்கு ஆள் கெடைக்கல. தரிசாப் போட்டா ஊரு சிரிக்கும். அதான் மரத்த வச்சேன்" என்றார். நாற்று நடக் கை வேண்டும், களை பறிக்கக் கை வேண்டும். மரத்துக்கு இரண்டு வருஷத்துக்குப் பிறகு கை வேண்டாம். பிள்ளைகள் ஊரை விட்டுப் போன இடத்தில் அந்த மரங்கள் நிற்கின்றன. பசுமை என்று கணக்கில் ஏறுவது இதுவும்தான்.

கணவாயைத் தாண்டி ஆரியங்காவு, தென்மலைப் பக்கம் போனால் வீட்டைச் சுற்றிப் பலா, பலாவில் மிளகு, நடுவே கமுகு, அடியில் வாழை என்று அடுக்கடுக்காக நிற்கும். மழை அங்கே அதிகம் என்பது உண்மை. வீட்டைச் சுற்றித் தோட்டம் வைப்பது அங்கே பழைய பழக்கம் என்பதும் உண்மை. ஆனால் அந்தப் பத்து சென்டுக்காரர்களின் பலா மரங்களைப் பார்க்கும்போதெல்லாம் மழையை மட்டும் நினைக்க இப்போது என்னால் முடிவதில்லை.

தனக்குப் பலன் இல்லாததை வரப்போகிறவர்களுக்காகச் செய்வது உயர்ந்த தர்மம் என்று நாம் படித்திருக்கிறோம். அசோகர் சாலையின் இரு மருங்கிலும் மரங்களை நட்டார் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்யாதவர் யார்? எங்கள் சீமையில் ராணி மங்கம்மாள் பெயரைச் சொல்லும் சாலைகள் இன்றும் உண்டு. குற்றாலத்திலேயே கிழக்கிந்தியக் கம்பெனியார் ஜாதிக்காயும் கிராம்பும் பட்டையும் வைத்துத் தோட்டம் போட்டார்கள். ஜாதி காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகும். கம்பெனிக்கு என்ன அவசரம்? ஆனால் இவர்களில் ஒருவருக்காவது மறு வருஷம் நிலம் கையில் இருக்குமா என்ற கவலை இருந்ததா? அசோகரைக் குத்தகையிலிருந்து யார் எழுப்பியிருக்க முடியும்? தன்னலமில்லாமல் கொடுப்பதற்கும் முதலில் 'இது என்னுடையது' என்று சொல்ல ஓரிடம் வேண்டியிருக்கிறது. அந்த ஓரிடம் இல்லாதவரிடம் போய், நாளை உலகத்துக்காக ஒரு மரம் வையுங்கள் என்று நான் ஐம்பது கன்றுகளை இறக்கிவிட்டு வந்தேன். முள் கட்டுவது அவர், தண்ணீர் சுமப்பது அவர், நிழலில் குறையும் நெல் அவருடையது, மரம் என் மகளுக்கு. பாட்டத்தில் மட்டும் நான் ஒரு மரக்கால் குறைக்கவில்லை. இந்த யோசனைக்கு நான் அப்போது வைத்திருந்த பெயர் பரோபகாரம்!

குற்றாலநாதர் கோயிலில் ஸ்தல விருட்சம் குறும்பலா. திருஞானசம்பந்தர் அந்த மரத்துக்கென்று தனியாக ஒரு பதிகமே பாடியிருக்கிறார். அந்த மரத்தைக் கும்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்து வரப்புப் பலாவை வெட்ட ஆள் அனுப்பியவர் என் தாத்தா. அவர் ஒருவர்தான் என்று நான் நினைக்கவில்லை.

ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு தேசம், பாலைவனத்தின் ஓரத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் காலத்துச் சட்டப்படி அங்கே வயலில் நின்ற மரமும் சர்க்காருக்குச் சொந்தமாக இருந்தது; வெட்டினால் அபராதம். ஆகவே யாரும் முளைத்ததை விடவில்லை, உழும்போதே கிள்ளி எறிந்தார்கள். 1980-களிலிருந்து அந்தப் பிடி தளர்ந்து, வயலில் முளைப்பது தமக்குத்தான் என்று சம்சாரிகள் நம்பத் தொடங்கினார்கள். உழும்போது பழைய தூரிலிருந்து வெடித்த தளிர்களை விட்டு வைத்தார்கள். அவற்றில் ஒன்று நம் வேலமரத்துக்கு உறவு. மழைக்காலத்தில் இலை உதிர்த்துவிட்டுப் பயிருக்கு வெயில் விடும். இரண்டு மூன்று தலைமுறைக்குள் என்று நினைக்காதீர்கள், ஏறத்தாழ இருபது வருஷத்துக்குள் சுமார் 50 லட்சம் ஹெக்டேரில் மரம் எழுந்துவிட்டது. நாற்றங்கால் போட்டுக் கன்று கொடுத்து நட்டவை அல்ல அவை. பெரும்பாலும் மண்ணுக்குள் வேராக முன்பே இருந்தவை.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகு நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டும்.

ஒரு புதிய சீட்டு எழுதுவது என்று தீர்மானித்தேன். வரப்பில் வைக்கும் மரங்களில் பாதி அண்ணாச்சிக்கும் அவர் வாரிசுகளுக்கும். பாட்டம் மாறினாலும் நிலம் கை மாறினாலும் அந்தப் பாதிக்குப் பணம் கொடுத்துத் தீர்க்க வேண்டும். முதல் மூன்று வருஷம் பாட்டத்தில் குறைவு. எழுதிக்கொண்டு போய் வக்கீலாக இருக்கும் என் நண்பரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "கதை நன்றாக இருக்கிறது" என்றார். "ஆனால் இதில் கையெழுத்துப் போட்டால் அப்புறம் நிலம் உன்னுடையது என்று சொல்லிக்கொள்ளலாம், விற்க முடியாது. பாதி மரத்தோடு நிலத்தை எவன் வாங்குவான்? உனக்கு ஒரு மகள் இருக்கிறாள், ஞாபகம் இருக்கிறதா?"

இருந்தது. அந்தக் காகிதம் நான்கு மாதம் என் மேஜை இழுப்பறையில் கிடந்தது. சரியான ஸ்டாம்புத் தாள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஐப்பசி போகட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளினேன். பயிர் மாற்றத்தைக் கேட்டுவிட்டு, 'ஆகட்டும், பார்ப்போம்' என்று சொல்லும் சம்சாரியைப் பற்றி எத்தனை கேலி பேசியிருக்கிறேன்! அவராவது வெள்ளாமையைப் பணயம் வைக்கத் தயங்குகிறார். நான் இன்னும் விற்காத, விற்கும் உத்தேசமும் இல்லாத ஒரு நிலத்தின் விலையைப் பணயம் வைக்கத் தயங்கினேன்.

கடைசியில் தை மாதம் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். தைரியத்தினால் என்று சொல்லமாட்டேன். ஒரு நாள் இழுப்பறையில் வேறு எதையோ தேடும்போது பழைய சீட்டும் புதிய சீட்டும் ஒன்றாகக் கையில் வந்தன. அந்த மை பரவிய ரேகை கண்ணில் பட்டது. தம்பிக்கும் அனுப்பி வைத்தேன். பெங்களூரில் இருக்கிறான். பொது நிலம், அவன் கையெழுத்து இல்லாமல் நடக்காது. "அண்ணா, நல்ல எண்ணம்தான். ஊருக்கு வரும்போது பேசலாம்" என்று செய்தி அனுப்பினான். இன்னும் வரவில்லை.

இதை அண்ணாச்சியிடம் போன ஆடியில் போய்ச் சொன்னேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. அவர் தலையில் சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு வடக்கு வரப்பில் நின்றிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். சந்தோஷப்பட்டார் என்றும் சொல்ல முடியவில்லை, நம்பவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. வரப்பைக் காட்டினார். முழ உயரத்தில் பச்சையாக ஒரு வரிசை, குளத்துக்கரை வரைக்கும் ஓடியது. என் மனம் துள்ளியது. குனிந்து பார்த்தேன். அகத்தி.

"மாட்டுக்கு ஆகும்லா" என்றார். "ஒங்க தம்பி கையெழுத்துப் போட்டு வாரதுக்குள்ள இத ரெண்டு தரம் வெட்டிக்கிடலாம்."

பிறகு, வரிசையின் நடுவே ஓரிடத்தில் நாலு முழம் விட்டிருந்ததை நான் கவனித்தேன். அங்கே ஒன்றும் விதைக்கவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அந்த எடத்துல பழைய தூரு கெடக்கு தம்பி, வெத ஏறாது" என்றார்.